ஜாமெட்ரி பாக்ஸில் இரண்டு சிகரெட்

வாசகி கேள்வி:

என் மகனுக்குப் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். எட்டாம் வகுப்பு வரை எங்கள் ஊர்ப் பள்ளியில் இருந்தான். இந்த ஆண்டுதான் டவுனில் உள்ள பெரிய பள்ளிக்கு மாற்றினோம். ஊர்ப் பள்ளியில் வாலிபால் டீமில் விளையாடுவான். படிப்பு கெடும் என்று இங்கே நிறுத்திவிட்டோம். பள்ளி முடிந்ததும் டவுனிலேயே டியூஷன். சைக்கிளில் வீடு வந்து சேர இரவு எட்டு ஆகிவிடும். போன வாரம் பென்சில் எடுக்க அவனுடைய ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது, காகிதத்தில் சுற்றிய இரண்டு சிகரெட்டுகள் இருந்தன. முதலில் 'நண்பனுடையது' என்றான். அவன் அப்பா பெல்ட்டால் அடித்த பிறகு, நாலைந்து முறை பிடித்ததாக ஒத்துக்கொண்டான். ஏன் பிடித்தாய் என்று எத்தனை முறை கேட்டாலும் 'தெரியவில்லை' என்கிறான்.

என் கணவர் விசைத்தறி வைத்திருக்கிறார். அவருக்கும் நாளைக்கு ஏழெட்டு சிகரெட் பழக்கம் உண்டு. ஆனால் வீட்டுக்குள் பிடிக்க மாட்டார், எல்லாம் வாசலோடு சரி. மகன் சின்னப் பையனாக இருந்தபோது அவன்தான் தெருமுனைக் கடையில் அவருக்கு வாங்கி வருவான். 'நான் காலேஜ் முடித்த பிறகுதான் தொட்டேன், இவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை' என்று குதிக்கிறார். நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் போட்டுவிடலாம் என்கிறார். மாமியார், கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கச் சொல்கிறார். நாங்கள் இவனுக்கு என்ன குறை வைத்தோம்? இதற்கு அடிமையாகிவிட்டானா? பரிசோதனை ஏதாவது செய்து பார்க்கலாமா? பள்ளியில் சொல்வதா, மறைப்பதா? ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை, டாக்டர்.

— ஈரோடு மாவட்ட வாசகி

ஆலோசனை:

அன்புள்ள சகோதரிக்கு,

விடுதி வேண்டாம். மற்றவற்றைப் பிறகு பேசலாம். இந்த வார இறுதியிலேயே உங்கள் கணவர் விண்ணப்பம் வாங்கக் கிளம்பிவிடக்கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய பள்ளியில் காலூன்ற முடியாமல் தவித்த பையனை இன்னொரு புதிய பள்ளிக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போன முதல் வாரமே அவனுக்குத் துணை தேவைப்படும். அந்தத் துணையைச் சம்பாதிக்க ஒரு வழி இப்போது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. விடுதியில் கண்காணிப்பு இருக்கும் என்பீர்கள். கண்காணிப்பு மிகுந்த இடங்களில்தான் ஒளித்துச் செய்வதற்கு மதிப்பும் கூடுகிறது.

இனி உங்கள் பையனின் 'தெரியவில்லை' என்ற பதிலுக்கு வருகிறேன். அதை நீங்கள் அழுத்தம் என்றும் திமிர் என்றும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அது நேர்மையான பதிலாகவே படுகிறது. பெல்ட்டோடு ஒருவர் எதிரே நிற்கும்போது பெரியவர்களுக்கே காரணம் தோன்றாது. அது ஒருபுறம் இருக்க, பதினான்கு வயதில் முதல் சிகரெட் யோசித்து எடுக்கப்படும் முடிவு அல்ல. ஒருவன் நீட்டுகிறான், மூன்று பேர் பார்க்கிறார்கள், கை நீண்டுவிடுகிறது. ஐந்தாறு விநாடிக்குள் நடந்து முடிந்த ஒன்றுக்கு அவனிடம் விளக்கவுரை கேட்டால் எங்கிருந்து தருவான்?

அவனால் சொல்ல முடியாத காரணத்தை உங்கள் கடிதத்திலேயே ஒற்றை வரியில் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். வாலிபாலை நிறுத்தியதைத்தான் சொல்கிறேன். ஊர்ப் பள்ளியில் அவனுக்கு ஒரு டீம் இருந்தது. மாலையானால் போய் நிற்க ஓர் இடம், பெயர் சொல்லிக் கூப்பிட ஐந்தாறு பேர், அவன் பந்தை அடித்தால் கத்திக் கொண்டாட ஒரு கூட்டம். டவுன் பள்ளியில் அவன் ஐம்பது பேரில் ஒருவன். அதுவும் பாதியில் வந்து சேர்ந்தவன். பள்ளி முடிந்து டியூஷன் தொடங்கும் வரை உள்ள இடைவெளியில் அவன் எங்கே நிற்பான் என்று நீங்களும் யோசிக்கவில்லை, பள்ளியும் யோசிக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றவர்கள்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் நுழைய அவர்கள் கேட்ட விலை ஒரு சிகரெட்.

இதை ஊகமாகச் சொல்கிறேன். நேரில் அவனிடம் பேசினால்தான் உறுதிப்படுத்த முடியும். ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் என்னிடம் மனம்விட்டுப் பேசும்போது, புகையின் ருசிக்காகத் தொடங்கினேன் என்று எவனும் சொல்வதில்லை. முதல் இழுப்பில் தொண்டை எரியும், இருமல் வரும், தலை சுற்றும், சிலருக்கு வாந்தியே வந்துவிடும். உடம்பு அவ்வளவு வெளிப்படையாக வேண்டாம் என்று சொல்லியும் இரண்டாவது முறை கை நீளுகிறது என்றால், அந்தக் கை கேட்பது வேறு எதையோ. புதிய பள்ளி, புதிய ஊர், பத்தாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டு, குரல் உடையும் பருவம், 'நான் இனிச் சின்னப் பையன் இல்லை' என்று யாருக்காவது நிரூபிக்க வேண்டிய அவசரம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும்.

நண்பர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று இதைச் சுருக்கிவிடாதீர்கள். அந்த நண்பர்களின் அம்மாக்களும் இந்நேரம் உங்கள் மகனைப் பற்றி அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். பருவ வயதில், துணிச்சலையும் கிளர்ச்சியையும் தேடும் மூளைப் பகுதிகள் வேகம் பிடித்துவிடுகின்றன. நிதானம் சொல்லும் முன்மூளைப் பகுதி முழு வளர்ச்சி பெற இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும். 2005-இல் அமெரிக்க உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் இதை ஒரு கணினி விளையாட்டின் மூலம் சோதித்தார்கள். கார் ஓட்டிக்கொண்டு வரும்போது சிக்னல் மஞ்சளாகிறது. நிறுத்துவதா, துணிந்து போவதா என்று ஆடுபவர் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் சக வயதினர் இருந்தபோது 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் துணிந்து போவது வெகுவாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. அதே பையன், அதே மூளை. பக்கத்தில் ஆள் நின்றால் கணக்கு மாறுகிறது. தனியாக வீட்டில் உட்கார்ந்து உங்களோடு பேசும்போது 'சிகரெட் கெடுதல்' என்று அவன் சொல்வது பொய்யல்ல. சைக்கிள் ஸ்டாண்டில் அந்த அறிவு அவன் உதவிக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

'என்ன குறை வைத்தோம்' என்று கேட்டீர்கள். 2019-இல் இந்திய அரசு நடத்திய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 சதவீதத்தினர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. சிகரெட் பிடித்த பிள்ளைகளில் 38 சதவீதத்தினரும் பீடி பிடித்தவர்களில் 47 சதவீதத்தினரும் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொட்டிருந்தார்கள். பத்து வயது! அந்தக் கணக்குப்படி பார்த்தால் உங்கள் மகன் தாமதமாகத் தொடங்கியவன். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. வளர்ப்பில் குறை இருக்கும் வீடுகளில் மட்டும் நடப்பது இது என்ற எண்ணத்தை விட்டால்தான் நீங்கள் வெட்கப்படாமல் அடுத்த வேலையைப் பார்க்க முடியும்.

அடுத்து வருவதை உங்கள் கணவர் படிக்கட்டும்.

ஐயா, நீங்கள் வீட்டுக்குள் பிடிப்பதில்லை என்பது நல்லது. ஆனால் உங்கள் மகன் வீட்டுக்குள் மட்டும் வளரவில்லை. ஆறேழு வயதில், சில்லறையைக் கையில் கொடுத்து அந்தக் கடைக்கு அனுப்பினீர்கள். எந்த சிகரெட், என்ன விலை, கடைக்காரர் எந்த டப்பாவிலிருந்து எடுப்பார் என்பதெல்லாம் அன்றே அவனுக்குப் பாடமாகிவிட்டது. வேலை முடிந்து களைத்து வரும் அப்பா, முதலாளியாக நாலு பேரை வைத்து வேலை வாங்கும் அப்பா, கடன்காரர் வந்துபோன பிறகு வாசலில் தனியாக நிற்கும் அப்பா, எல்லோர் கையிலும் அது இருந்தது. பெரிய ஆண் என்பவனுக்கு அது ஓர் உறுப்பு என்று அவன் நினைத்திருந்தால் யாரைக் குறை சொல்வது? பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஓர் அலசல், பெற்றோரில் ஒருவர் புகைபிடித்தால் பிள்ளை புகைக்கும் வாய்ப்பு 1.7 மடங்கு ஆகிறது என்று கணக்கிட்டது. அண்ணனோ அக்காவோ பிடித்தால் 2.3 மடங்கு. இதற்கு அறிவுரை ஈடாகாது. பெல்ட் நிச்சயமாக ஈடாகாது. அடி வாங்கியவன் ஒளித்துவைக்கும் இடத்தைத்தான் மாற்றுவான்.

உங்களிடம் உள்ள வலுவான ஆயுதம் உங்கள் பழக்கமேதான். 'நான் இருபத்திரண்டு வயதில் தொட்டேன். விட வேண்டும் என்று பல தடவை நினைத்தேன், முடியவில்லை. காலையில் எழுந்ததும் அது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. இந்தக் கட்டு உனக்கு வேண்டாம் என்றுதான் அன்றைக்கு அவ்வளவு கோபம் வந்தது. அடித்தது தப்பு.' இதை ஒருமுறை, குரலை உயர்த்தாமல் சொல்லிப் பாருங்கள். அப்பாவின் வாயிலிருந்து 'என்னால் முடியவில்லை' என்று கேட்பது ஒரு பையனை உலுக்கும். அதோடு நீங்களும் விட முயன்றால், அவனுக்கு நூறு வகுப்புகள் எடுத்ததற்குச் சமம். 1800-11-2356 என்பது அரசின் கட்டணமில்லாத புகையிலை விடுவிப்பு உதவி எண். தமிழிலும் பேசுவார்கள். முதல் அழைப்பு உங்களுடையதாக இருக்கட்டும்.

இப்போது கடை. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எவருக்கும் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. 'அப்பாவுக்குத்தான்' என்று சொன்னாலும் கூடாது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜம், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள் விற்கவே கூடாது. உங்கள் மகனின் பள்ளி வாசலிலிருந்து டியூஷன் சென்டர் வரை ஒருநாள் நடந்து பாருங்கள். எத்தனை பெட்டிக்கடைகள், எந்தக் கடை மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் சிகரெட் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பிள்ளைகள் பாக்கெட்டாக வாங்குவதில்லை, ஒன்றிரண்டாகத்தான் வாங்குகிறார்கள். பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் அச்சிட்ட எச்சரிக்கைப் படம் அந்த ஒற்றை சிகரெட்டில் இருக்காது. ஒரு டீயும் பன்னும் வாங்கும் காசில் ஒன்று கிடைத்துவிடுகிறது. சில்லறையாக விற்பதைத் தடுக்காத வரை, படத்தை எவ்வளவு பெரிதாக அச்சிட்டாலும் எட்டாம் வகுப்புப் பையன் அதைப் பார்க்கப்போவதில்லை என்பது என் கருத்து. கூடவே மென்த்தால் வகை, வாயில் வைத்துக் கடித்தால் உள்ளிருக்கும் குமிழ் உடைந்து வாசனை வரும் வகை என்றெல்லாம் வருகின்றன. மென்த்தால் தொண்டையைக் குளிரவைத்து எரிச்சலை மறைக்கும். உடம்பு கொடுக்கும் முதல் எச்சரிக்கை அதோடு அடங்கிப்போகிறது.

இவை தற்செயலாக அமைந்தவை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வழக்குகளின் விளைவாக வெளியான புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்களில், பிலிப் மோரிஸ் நிறுவனத்தின் 1981-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று உண்டு. இன்றைய பதின்வயதினரே நாளைய வழக்கமான வாடிக்கையாளராகக் கூடியவர் என்று அதில் பச்சையாக எழுதியிருந்தார்கள். அந்த நாட்டில் தினமும் புகைக்கும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள் என்று பின்னாளில் அரசு மருத்துவ அறிக்கைகளும் கூறின. நம் ஊர்த் திரையில் கதாநாயகன் பற்றவைக்கும்போது கீழே ஓர் எச்சரிக்கை வரி ஓடுகிறது, படத்துக்கு முன்னால் ஒரு விளம்பரமும் போடுகிறார்கள். பிள்ளைகளோ அந்த விளம்பரத்தை நையாண்டி செய்து மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். காட்சி மட்டும் வெட்டப்பட்டுப் போனுக்கு வரும்போது எச்சரிக்கை வரியும் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. இதை உங்கள் மகனிடம் எடுத்துச் சொல்லலாம், ஆனால் புற்றுநோய்ப் படம் காட்டுவது போல் வேண்டாம். ஐம்பது வயதில் நுரையீரல் என்ன ஆகும் என்பது பதினான்கு வயதுக்காரனுக்கு வேறு யாரோ ஒருவரின் நோய். 'உன் வயதுப் பையன்களைப் பிடிக்க எவனோ கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறான்' என்பது அவனுக்குச் சுருக்கென்று உறைக்கும். தன்னை யாராவது ஏமாற்றுவதை இந்த வயது பொறுத்துக்கொள்ளாது.

அடிமையாகிவிட்டானா என்ற கேள்விக்கு, உண்மையில் நாலைந்து முறை மட்டும்தான் என்றால், அநேகமாக இன்னும் இல்லை. ஆனால் 'நாலைந்து தானே' என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. புகையை உள்ளிழுத்தால் பத்து இருபது விநாடிக்குள் நிகோட்டின் மூளையை அடைகிறது. வளரும் மூளை அதற்கு எளிதில் பழகிவிடும். மாசசூசெட்ஸில் டிஃப்ரான்சா என்ற மருத்துவரின் குழு பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தது. தினமும் பிடிக்கும் நிலைக்குப் போவதற்கு வெகு முன்பே, எப்போதாவது பிடிக்கத் தொடங்கிய சில வாரங்களுக்குள், சிலருக்குச் சில நாள்களிலேயே, 'இப்போது ஒன்று வேண்டும்' என்ற தவிப்பு வந்துவிட்டிருந்தது. பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கருத்தாய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வு, ஒரு சிகரெட்டையாவது முயன்று பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்திலாவது தினமும் பிடிப்பவர்களாக மாறியதாகக் கண்டது. ஆகவே அடுத்த சில வாரங்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல நேரம்.

இதிலே ஒரு தந்திரம் இருக்கிறது. தொடக்கத்தில் கூட்டத்துக்காகப் பிடித்தவன், கொஞ்ச நாளில் 'டென்ஷன் குறைகிறது' என்று சொல்ல ஆரம்பிப்பான். செருப்புக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு, அதை எடுத்துப்போட்டதும் 'ஆகா, என்ன சுகம்' என்பது போன்றது அது. முந்தைய சிகரெட்டின் நிகோட்டின் இறங்கியதால் வந்த எரிச்சலைத்தான் அடுத்த சிகரெட் தணிக்கிறது. கணக்குப் பரீட்சைப் பயத்தை அது தொடுவதே இல்லை. அவன் அந்த வார்த்தையைச் சொல்லத் தொடங்கினால், கூட்டம் பின்னுக்குப் போய் நிகோட்டின் முன்னுக்கு வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் கவனிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருக்கும்போது மாலைக்குள் சிடுசிடுக்கிறானா, கேட்காமலேயே கடைக்குப் போகத் தயாராக நிற்கிறானா, வந்ததும் நேரே குளியலறைக்குப் போய்விடுகிறானா, சட்டைப் பையில் எப்போதும் மிட்டாயோ சுயிங்கமோ இருக்கிறதா, கொடுத்த காசுக்குக் கணக்கு இடிக்கிறதா என்று பாருங்கள். நண்பர்களே இல்லாதபோது தனியாகப் பிடித்தான் என்று தெரிந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்காகத் தினமும் பையைக் குடைந்து சோதனை போடாதீர்கள்.

பரிசோதனையும் வேண்டாம். நிகோட்டின் உடம்பில் மாறி உண்டாகும் கோட்டினின் என்ற பொருளைச் சிறுநீரில் பார்க்கலாம்தான். அது கடந்த சில நாள்களின் கதையை மட்டும் சொல்லும். அவனே ஒத்துக்கொண்ட ஒன்றை நிரூபிக்க ஒரு கோப்பையைக் கையில் கொடுத்தால், அவனுக்கு உங்கள் மேலிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். சூடம் அணைத்து வாங்கும் சத்தியத்தையும் இதோடு சேர்த்தே தள்ளிவையுங்கள். மாமியாரின் பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. அடுத்த வாரம் சைக்கிள் ஸ்டாண்டில் அவன் ஒருமுறை தவறினால், சத்தியத்தை மீறிய குற்றமும் சேர்ந்துகொள்ளும். பிறகு சாகும்வரை உங்களிடம் உண்மை சொல்ல மாட்டான். தவறினால் வந்து சொல்லலாம் என்ற வழி திறந்திருக்க வேண்டும்.

எப்படிப் பேசுவது? எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். நீங்கள் சமையலறையில் காய் நறுக்கும்போதோ, இருவரும் ஸ்கூட்டரில் போகும்போதோ பேசுங்கள். முகம் பார்க்காமல் பேசினால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நாக்கு எளிதாகப் புரளும். பத்து நிமிடம் போதும். 'ஏன் பிடித்தாய்' என்பதை விட்டுவிட்டு, 'முதல் தடவை எங்கே இருந்தாய், எப்படி இருந்தது' என்று கேளுங்கள். 'வேண்டாம் என்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?' இந்தக் கேள்வியில்தான் விஷயம் வெளிவரும். நண்பர்களின் பெயர்களைக் கேட்காதீர்கள். அவன் ஏதாவது சொல்லும்போது நடுவில் 'ஐயோ' என்று நெஞ்சில் கைவைக்காதீர்கள். அது கடினம் என்று எனக்குத் தெரியும்; ஆனாலும் முயலுங்கள்.

பிறகு, மறுப்பதற்கு ஒரு வார்த்தையை அவனோடு சேர்ந்து தயார் செய்யுங்கள். 'புகைபிடிப்பது கேடு' என்று பதினான்கு வயதுப் பையன் நண்பர்களிடம் சொன்னால் அன்றிலிருந்து அவனுக்குப் பட்டப்பெயர்தான். பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். 'எங்கம்மா தினமும் சட்டையை மோந்து பார்க்கிறாங்க, மாட்டினால் போன் போய்விடும்' என்பது கௌரவம் குறையாத காரணம். 'மேட்ச் இருக்கிறது, மூச்சு வாங்குகிறது' என்பது அதைவிட நல்லது. அதற்கு அவனுக்கு மேட்ச் இருக்க வேண்டும்.

அதனால் வாலிபாலைத் திருப்பிக் கொடுங்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் பரிசாகத் தருவேன் என்று பேரம் பேசாதீர்கள். இந்த வாரமே கொடுங்கள். டவுன் பள்ளியில் டீம் இருந்தால் விளையாட்டு ஆசிரியரைப் பாருங்கள். இல்லாவிட்டால் டியூஷனில் வாரம் இரண்டு நாளைக் குறைத்து ஊரிலேயே பழைய கூட்டத்தோடு ஆடட்டும். மதிப்பெண் குறையுமோ என்பீர்கள். பள்ளி விட்டதிலிருந்து இரவு எட்டு வரை ஒரு பையனை டவுனில் விட்டுவைத்து வாங்கும் மதிப்பெண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. காசைப் பற்றியும் பேசலாம். ஒன்று இருபது ரூபாய் என்று வைத்து நாளைக்கு ஒன்று பிடித்தால் மாதம் 600 ரூபாய். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு நல்ல ஷூ. இந்தக் கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள்.

ஒரு சந்தேகத்தை மட்டும் மனதில் வையுங்கள். சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியாதவனா, கவனம் சிதறுகிறவனா? அல்லது புதிய பள்ளிக்கு வந்த பிறகு தூக்கம், சாப்பாடு குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறானா? கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளும் மனச்சோர்வில் உள்ள பிள்ளைகளும் சீக்கிரம் தொடங்குவார்கள், சீக்கிரம் மாட்டிக்கொள்வார்கள். அப்படி இருந்தால் சிகரெட்டை மட்டும் பிடுங்கிப் பயனில்லை. யாராவது பள்ளியில் அவனைத் துன்புறுத்துகிறார்களா என்பதையும் கேளுங்கள். இ-சிகரெட்டும் உதட்டுக்குள் அடக்கும் புகையிலையும் உண்டா என்று ஒருமுறை சாதாரணமாக விசாரியுங்கள். 2019 முதல் இ-சிகரெட் விற்பனை நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது என்றாலும் பள்ளிப் பைகளுக்குள் அது வராமல் இல்லை. பேனா போல, பென் டிரைவ் போல இருப்பதால் பெற்றோர் அடையாளம் காண்பதில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் நிகோட்டின் சுயிங்கத்தை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். 18 வயதுக்குக் கீழே அது மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

பள்ளிக்குச் சொல்லுங்கள், மகனைக் காட்டிக்கொடுக்காமல். 'டியூஷனுக்கு முன் பிள்ளைகள் நிற்க இடமில்லை, பக்கத்துக் கடையில் சிகரெட் விற்கிறார்கள்' என்று இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் போங்கள். ஒரு பையனின் பெயரோடு போனால் அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் பள்ளி தன் கடமை முடிந்தது என்று இருந்துவிடக்கூடும். இடத்தைப் பற்றிய புகாராகப் போனால் பள்ளி வேலை செய்ய வேண்டியிருக்கும். தலைமையாசிரியர் ஒரு டாக்டரைக் கூப்பிட்டுச் சொற்பொழிவு வைக்கலாமா என்று கேட்பார். அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். மாணவர்கள் கைதட்டுவார்கள், அதற்கு மேல் எதையும் நான் எதிர்பார்ப்பதில்லை. வேறு வழி நம் சென்னையிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. 2004 முதல் இரண்டு ஆண்டுகள் தில்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் ஆறாம், எட்டாம் வகுப்பு மாணவர்களிடையே நடந்த திட்டம் அது. பாதிப் பள்ளிகளில், மாணவர்களிலிருந்தே தலைவர்களைப் பயிற்றுவித்து, வகுப்பில் விளையாட்டாகவும் விவாதமாகவும் நடத்தவைத்தார்கள். பெற்றோருக்கும் அஞ்சலட்டைகள் போயின. இரண்டு ஆண்டு முடிவில், திட்டம் இல்லாத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 சதவீதம் கூடியிருந்தது; திட்டம் நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது. தொடக்கத்தில் எட்டாம் வகுப்பாரைவிட ஆறாம் வகுப்பார்தான் அதிகமாகப் பயன்படுத்தினார்கள் என்பதையும் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கக்கூடாது.

நான்கு வாரம் பாருங்கள். இதற்கிடையில் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தூக்கமில்லாத அம்மாக்களுக்கும் அது பொருந்தும். நான்கு வாரத்துக்குப் பிறகும் அவன் பிடிப்பதாகத் தெரிந்தால், அல்லது விட முயன்று முடியவில்லை என்று அவனே சொன்னால், அழைத்து வாருங்கள். எனக்குத் தனியாக அவனோடு அரை மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அவன் சொல்வதை, உயிருக்கு ஆபத்தானது ஒன்றும் இல்லாத வரை, உங்களிடம் திருப்பிச் சொல்ல மாட்டேன். அதை முன்கூட்டியே அவனுக்குத் தெரிவித்துவிடுங்கள். உங்கள் கணவரும் கூட வரட்டும். அவருக்கும் ஒரு சீட்டு எழுதித் தருகிறேன்.